‘இது இல்லை’ என்று பெயர் வைக்கப்பட்டவன்

எங்கள் செட்செர்லெக் ஊரில் எனேபிஷின் பட்டறைக்குப் போனால் முதலில் காதில் விழுவது அவனுடைய பெயர்தான். வேறு யாரும் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். அவனேதான் சொல்லிக்கொண்டிருப்பான். ஹைபிரிட் காரின் பின்சீட்டைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருக்கும் பெரிய பேட்டரியை இழுத்து மேசையில் கிடத்துவான். உள்ளே வரிசையாக இருபத்தெட்டு செல்கள் இருக்கும். மீட்டரின் இரண்டு முனைகளாலும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவான். தொடும்போதெல்லாம் வாய் முணுமுணுக்கும்: "எனே பிஷ்... எனே பிஷ்... எனே பிஷ்..." எங்கள் மொழியில் எனே என்றால் இது, பிஷ் என்றால் இல்லை. இது இல்லை, இது இல்லை, இது இல்லை. செத்த செல் அகப்பட்டதும் சட்டென்று வாயை மூடிக்கொள்வான். அதில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான்.

"தன் பேரைத் தானே இருபத்தேழு தடவ சொன்னாத்தான் இவனுக்கு வேலை ஓடும்" என்று பட்டறை வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள்.

"என் பேரால இருக்கற ஒரே உபயோகம் இதுதான், அதையும் கெடுக்காதீங்க" என்பான் அவன்.

நான் டாம்டின். இருபத்திரண்டு வருஷம் ரஷ்ய வேன் ஓட்டியவன். முட்டி இரண்டும் தேய்ந்த பிறகு வேனை விற்றுவிட்டு, எல்லாரையும் போல ஜப்பானிலிருந்து வந்த பழைய ஹைபிரிட் கார் ஒன்று வாங்கினேன். தலைநகருக்கும் எங்கள் ஊருக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு போய் வருகிறேன். எனேபிஷைப் பற்றி எல்லாரும் எல்லாம் சொல்லிவிட்டார்கள். உலான் கணவாயில் நடந்ததை மட்டும் யாரும் சரியாகச் சொல்வதில்லை. சொல்ல வேண்டியவன் நான். இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்ததற்குக் காரணமும் நான்தான்.

அவனுக்கு ஏன் அப்படி ஒரு பெயர் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் நடக்கப் பழகும் முன்பே போய்விட்டன. மூன்றாவதாக இவன் பிறந்ததும், ஆடு மேய்க்கிற அவன் அப்பா, தேடி வருகிற கெட்டது ஏமாந்து போகட்டும் என்று ‘இது இல்லை’ என்று பெயர் வைத்துவிட்டார். நீ தேடுற பிள்ளை இது இல்லை, வேற வீட்டைப் பார். இவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் பள்ளிக்கூடத்தில் மானம் போனது. பட்டணத்திலிருந்து வந்த புது வாத்தியார் ஒருவர் முதல் நாள், "உன் பேர் என்னடா?" என்று கேட்டாராம். "இது இல்லை." "அப்போ எதுடா?" வகுப்பே உருண்டு புரண்டு சிரித்ததாம். அதைச் சொல்லும்போது நாற்பது வயதிலும் அவன் காது சிவக்கும்.

"எங்கப்பா பயந்தாங்கொள்ளிண்ணா. ஒரு டாக்டர்கிட்ட காட்டுறத விட்டுட்டு, பேரை வச்சுப் பேயை ஏமாத்தப் பாத்தாரு. மீட்டர்ல வராத எதையும் நான் நம்பமாட்டேன்" என்பான்.

அப்படிச் சொன்னவனுக்கே விதி அதே அடியை அடித்தது. மனைவி டாரிமாவுக்கு முதல் குழந்தை ஏழாம் மாதம் வயிற்றிலேயே போனது. இரண்டாவது நாற்பது நாள் இருந்து போனது. ஊர் சும்மா இருக்குமா? லாமாவிடம் போ, பெயரை மாற்று, வீட்டு வாசலை மாற்று என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவன் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது தங்கியதும் அவளை ஐந்தாம் மாதமே தலைநகருக்கு அனுப்பிவிட்டான். போன வருஷம் ஏப்ரலில், நாள் முந்திக்கொண்டு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. முப்பத்து மூன்றாம் நாள் கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டார்கள். சேதி வந்ததும் எனேபிஷ் நேராக என்னிடம்தான் வந்தான்.

"உன் வண்டியிலதான் அண்ணா கூட்டிட்டு வரணும். இந்த ஊர்ல அம்பது வண்டி ஓடுது. உன் வண்டி வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். நானே கட்டின பேட்டரி."

அவனுக்குத் தெரியாத ஒன்று அந்த வண்டி வயிற்றுக்குள் இருந்தது.

அதற்கு முந்தின வருஷம் பேட்டரியை மாற்றிக் கட்டிக் கொடுத்தபோது மூன்று விஷயம் சொல்லி அனுப்பினான். பின்சீட்டு ஓரத்தில் கம்பி போட்ட ஒரு சின்னத் துவாரம் இருக்கிறது, பேட்டரி மூச்சு விடுவது அது வழியாகத்தான், அதை எதை வைத்தும் மூடாதே என்றான். சீட்டில் வெள்ளாட்டு மென்மயிர் மூட்டை மட்டும் ஏற்றிவிடாதே, அந்த மயிர் காற்றோடு உள்ளே போய் விசிறியில் சுற்றிக்கொள்ளும் என்றான். மூன்றாவது, பின்மூலையில் இருக்கிற சின்ன பேட்டரிக்கு வயதாகிவிட்டது, குளிர்காலத்துக்குள் மாற்று என்றான். "பெருசு விழுந்தா ஸ்டீயரிங்கையும் பிரேக் பம்பையும் சின்னதுதான் தாங்கணும். அஞ்சு நிமிஷம் தாங்குனா பெரிய விஷயம். உன்னோடது அதுவும் தாங்காது."

நான் செய்தது என்ன? சின்ன பேட்டரியை மாற்றவில்லை. ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்கிற புத்தி எனக்கு வேன் ஓட்டின காலத்திலிருந்தே உண்டு. ஏப்ரலில் ஆட்டு மயிரைச் சீவி எடுக்கிற சமயம் மச்சான் வந்து, "ரெண்டே நடை மாமா, லாரிக்காரன் கழுத்தறுக்கிறான்" என்று கெஞ்சினான். பின்சீட்டு முழுக்கக் கூரை முட்ட மென்மயிர் மூட்டைகளை அடைத்துக்கொண்டு இரண்டு நடை போய் வந்தேன். வந்ததும் துடைப்பத்தால் சீட்டைக் கூட்டினேன். கண்ணுக்குத் தெரிந்த மயிரெல்லாம் போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

இதை எனேபிஷிடம் சொல்லியிருந்தால் ஒரு மணி நேர வேலை. திட்டுவானே என்று சொல்லவில்லை. ஐம்பத்தெட்டு வயதில், பதினெட்டு வயது இளையவனிடம் திட்டு வாங்கப் பயந்து வாயை மூடிக்கொண்ட மடையன் நான்.

தலைநகரின் ஓரத்தில் இருக்கிற டாரிமாவின் சித்தி வீட்டிலிருந்து காலை எட்டரைக்குக் கிளம்பினோம். சித்தி கரண்டியில் பாலெடுத்து நான்கு சக்கரத்திலும் தெளித்தாள். டாரிமா அடுப்புக்குள் விரலை விட்டுக் கரியை எடுத்து, குழந்தையின் நெற்றியில் ஒரு இழுப்பு இழுத்தாள். "இது குழந்தை இல்ல, முயல்" என்று மெல்லச் சொன்னாள். கெட்டது அடையாளம் கண்டுகொள்ளக் கூடாதென்று, பயணம் போகும் குழந்தைக்கு எங்கள் அம்மாமார்கள் எல்லாரும் செய்வதுதான்.

எனேபிஷ் பார்த்துவிட்டான்.

"ஏன்டி, இப்பத்தான் ஆஸ்பத்திரில இருந்து கொண்டு வந்தோம். முப்பது நாள் கையைக் கழுவிக் கழுவித் தொட்ட குழந்தைக்கு அடுப்புக்கரியா?" ஈரத்துணியை எடுத்துத் துடைத்தே விட்டான். டாரிமாவின் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன்.

வண்டியைக் கிளப்பியதும் டேஷ்போர்டிலிருந்து வழக்கம்போல ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் படபடவென்று என்னவோ சொன்னது. இந்த நாட்டில் ஓடுகிற வண்டியில் பாதியில் இந்தக் குரல் இருக்கிறது. ஏதோ ஒரு அட்டையைச் செருகவில்லை என்று சொல்கிறாளாம். நாங்கள் அவளை மாமியார் என்போம்.

"உங்க மாமியார் என்ன சொல்றா அண்ணா?" என்றாள் டாரிமா.

"மருமகளுக்குக் குளிரப்போகுது, போர்வையை எடுத்துக் குடுங்கறா" என்றேன். பின்சீட்டு ஓரத்திலிருந்து காற்று வருகிற மாதிரி இருக்கிறதென்று அவள் சொன்னாள். நான் பெருந்தன்மையாக என் ஆட்டுத்தோல் மெத்தையை எடுத்து, அந்த ஓரத்தில் நன்றாகத் திணித்து அடைத்தேன். துவாரம் அங்கேதான் இருந்தது. எனேபிஷ் அப்போது டிக்கியில் மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். சத்தியமாக, அன்று நான் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. ஆனால் செய்தது அத்தனையும் கேடு.

வழி முழுக்க எனேபிஷுக்கு ஒரே பேச்சுதான். மகளுக்குப் பார்த்து வைத்திருக்கும் பெயர். "எர்தெனெச்சிமெக்! ரத்தின ஆபரணம்! எப்படிண்ணா? திங்கக்கிழமை போய்ப் பதிஞ்சுடறேன். பள்ளிக்கூடத்துல வாத்தியார் கூப்பிட்டா ஒரு பய சிரிக்கக் கூடாது."

"பேரை அப்படிக் கத்தாதீங்க" என்றாள் டாரிமா பின்னாலிருந்து. "வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கலாம்."

"யாரு கேக்கப்போறா? இந்த மலையா?" என்று கண்ணாடியை இறக்கி, வெட்டவெளியைப் பார்த்து இன்னொரு தடவை கத்தினான். அவ்வளவு சந்தோஷத்தை நான் அவன் முகத்தில் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மதியம் மூன்று மணிக்கு உலான் கணவாயில் ஏறத் தொடங்கினோம். மேற்கிலிருந்து புழுதிக்காற்று அடித்தது. ஏற்றத்தின் பாதியில் பின்னாலிருந்து ஒரு ஓசை கிளம்பியது. விசிறி முழு வேகத்தில் கதறுகிற ஓசை. எனேபிஷ் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காதைத் திருப்பினான்.

"அண்ணா, இது எத்தனை நாளா இப்படி கத்துது?"

"ஏத்தம்டா. எல்லா வண்டியும் கத்தும்."

"இப்படிக் கத்தாது."

வண்டி இழுக்க மறுத்தது. காலை அழுத்தினாலும் எஞ்சின் மட்டும் தனியாக முக்கிக்கொண்டு ஏறியது. ஒருவழியாக உச்சிக்கு வந்தோம். அங்கே கல் குவித்த மேட்டில் கட்டிய நீலத்துணிகள் காற்றில் படபடத்தன. வழக்கப்படி மலைக்கு மரியாதையாக மூன்று தடவை ஹாரன் அடித்தேன்.

"ஓரமா நிறுத்துண்ணா. பின்சீட்டைத் திறந்து ஒரு தடவ பாத்துடறேன். பத்து நிமிஷம்."

பின்சீட்டைத் திறந்தால் மெத்தையை எடுப்பான். துவாரத்தைப் பார்ப்பான். விசிறியைப் பார்ப்பான். எல்லாம் வெளியே வந்துவிடும். இதெல்லாம் ஒரு நொடியில் என் மண்டைக்குள் ஓடியது. நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"இந்தக் காத்துலயா? குழந்தையை வெளிய எடுக்கணும். கீழ போய் டீக்கடையில நிறுத்திப் பாத்துக்கலாம்டா. இனிமே இறக்கம்தானே."

குழந்தை என்றதும் அவன் அடங்கிவிட்டான். அந்தக் குழந்தையை முன்னால் தள்ளி நான் ஒளிந்துகொண்டேன். இதை எழுதும்போது கூட என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இறக்கத்தில் இரண்டு வளைவு தாண்டியிருப்போம். விசிறி ஓசை நின்றது. திரையில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. கீழே ஜப்பானிய எழுத்து நாலு வரி. எனேபிஷ் குனிந்து பார்த்தான். அவனுக்கு மட்டும் அதில் சில எழுத்து அடையாளம் தெரியும்.

"அண்ணா, நிறுத்து. இப்பவே. பெருசு போயிடுச்சு."

அவன் சொல்லி முடிக்கும் முன்பே எஞ்சினும் அடங்கியது. ஹைபிரிட் வண்டி சாகிறது ஒருவருக்கும் தெரியாது. உதறாது, இருமாது. திரை மங்கியது, அவ்வளவுதான். சக்கரம் பாட்டுக்கு உருண்டது, இறக்கம் பாட்டுக்கு இழுத்தது. எங்கள் நாட்டில் ரோட்டின் வலது பக்கமாகத்தான் ஓட்டுவோம்; எங்களுக்கு வலது பக்கம் மலைச்சரிவு. இடது பக்கம் எதிர்ச்சாரியைத் தாண்டினால் பள்ளத்தாக்கு, அடியில் பாதி உருகிய ஆறு. ஸ்டீயரிங் என் கையில் கனத்துக்கொண்டே வந்தது. எங்கிருந்தோ ஒரு மணி விடாமல் கிணுகிணுக்க ஆரம்பித்தது.

என் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. மிதித்தேன், விட்டேன். மிதித்தேன், விட்டேன். மிதித்தேன், விட்டேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். ரஷ்ய வேனில் பிரேக் பிடிக்க வேண்டுமென்றால் மூன்று தடவை அடித்தால்தான் அழுத்தம் ஏறும். எங்கள் நாட்டில் என் வயசு டிரைவர்கள் எல்லாருடைய காலும் தூக்கத்தில்கூட மூன்று தடவை அடிக்கும்.

"அடிக்காதே! பம்ப் அடிக்காதேண்ணா!" எனேபிஷ் அலறினான். "இது வேன் இல்ல! பம்பு நின்னுபோச்சு. கேன்ல மிச்சத் தண்ணி மாதிரி கொஞ்சம் அழுத்தம்தான் தேங்கி நிக்குது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு குவளை போகுது. மூணு போச்சு!"

"மிச்சம் எத்தனைடா?"

"தெரியல."

எதைக் கேட்டாலும் மீட்டரைப் பார்த்து எண்ணில் பதில் சொல்கிறவன். அவனே ‘தெரியல’ என்றுவிட்டான்.

"ஒரே அழுத்தா அழுத்து. எடுக்காதே. என்ன ஆனாலும் காலை எடுக்காதே."

அழுத்தினேன். பிடித்தது! வண்டி முனகிக்கொண்டு வேகம் குறைந்தது. இன்னும் முப்பது அடி போனால் நின்றிருக்கும். அப்போதுதான் கீழ் வளைவிலிருந்து ஒரு லாரி நடு ரோட்டில் ஏறி வந்தது. நான் வலது பக்கம் ஒடிக்க வேண்டும். ஸ்டீயரிங் அசைய மறுத்தது. சின்ன பேட்டரியும் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு கையாலும் இழுத்தேன், உடம்பை முறுக்கினேன், தரையில் காலை ஊன்றி எம்பினேன். வண்டி திரும்பியது. லாரி கண்ணாடியை உரசாமல் போனது. ஆனால் ஊன்றிய கால் எந்தக் கால்? பிரேக்கிலிருந்த கால்.

மறுபடி மிதித்தேன். மிதி மரக்கட்டையாக நின்றது. எழுந்து நின்று மிதித்தாலும் இறங்கவில்லை.

"போச்சுடா" என்றேன். "எனேபிஷ், போச்சுடா."

பின்னால் டாரிமா கத்தவில்லை. அவள் குழந்தையின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, யாருக்கோ பதில் சொல்வது போலத் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். "இது குழந்தை இல்ல, முயல். இது குழந்தை இல்ல, முயல். இது குழந்தை இல்ல..." மணி கிணுகிணுக்கிற அந்தச் சத்தத்திலும் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. எனேபிஷுக்கும் கேட்டிருக்கும்.

அவன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு என் மேல் சாய்ந்து ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தான்.

"வலது காலால மிதிச்சுக்கிட்டே இரு, கட்டையா இருந்தாலும் மிதி. இடது காலால பார்க்கிங் பிரேக். கம்பில ஓடறது அது, அதுக்குப் பேட்டரி வேணாம். மெல்ல... படக்குனு அழுத்தினா வண்டி சுத்திடும். மெல்லண்ணா, மெல்ல..."

பின்சக்கரம் கிறீச்சிட்டது. வேகம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அடுத்த வளைவு கண்முன் வந்துவிட்டது. இடப்பக்க வளைவு. அதைத் தாண்டினால் செங்குத்து இறக்கம்.

"வளைவுக்குப் போகக் கூடாது" என்றான் எனேபிஷ். அவன் மூச்சு என் கன்னத்தில் சுட்டது. "உன் பக்கம் மலை இருக்கு. சாய்ச்சிடலாம். உன் கதவுதான் வாங்கும்."

"வாங்கட்டும்டா! இழு!"

நாலு கையும் சேர்ந்து இழுத்தோம். வண்டி ரோட்டை விட்டு இறங்கிச் சரளைக்குள் பாய்ந்தது. என் பக்கக் கண்ணாடி பறந்தது. கதவு மலையில் தேய்ந்து தேய்ந்து ஊளையிட்டது. ஜன்னல் நொறுங்கி என் மடியில் கொட்டியது. முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி, குலுங்கி, நின்றது.

நின்றேவிட்டது. மணி மட்டும் ஈனமாகக் கிணுகிணுத்து, அதுவும் ஓய்ந்தது.

எனேபிஷ் கதவைத் திறந்துகொண்டு பின்னால் ஓடினான். என் கதவு மலையோடு அழுந்திக் கிடந்ததால் நான் அவன் சீட்டு வழியாகத் தவழ்ந்து இறங்கினேன். டாரிமா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். போர்வையை விலக்கினாள். குழந்தைக்கு விக்கல். அப்படி ஒரு விக்கல். ஒவ்வொரு விக்கலுக்கும் அதன் உடம்பு முழுக்கத் துள்ளியது. ஒரு கீறல் இல்லை. எனேபிஷ் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பத்தடி தள்ளிப் போய்க் குனிந்து வாந்தி எடுத்தான்.

திரும்பி வந்து பின்சீட்டு ஓரத்தில் கையை விட்டான். திணித்து வைத்திருந்த என் ஆட்டுத்தோல் மெத்தையை இழுத்து வெளியே எடுத்தான். அதைப் பார்த்தான், அதற்குப் பின்னாலிருந்த துவாரத்தைப் பார்த்தான். சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்துப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். விசிறி வெளியே வந்தது. அது விசிறியாகவே இல்லை. சாம்பல் நிறத்தில் மென்மயிர் திரண்டு, எண்ணெயும் புழுதியும் சேர்ந்து, ஒரு குழந்தைக் குல்லாய் அளவுக்கு அடைத்துக்கொண்டிருந்தது. அவன் அதைப் பிய்த்து எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"எனே" என்றான்.

இது. அவ்வளவுதான் சொன்னான். எத்தனையோ வருஷமாக அவன் வாயில் ‘இது இல்லை’ கேட்டிருக்கிறேன். வெறும் ‘இது’ கேட்டது அன்றைக்குத்தான்.

"ரெண்டு நடை மூட்டை ஏத்தினேன்டா" என்றேன். "மச்சானுக்காக. உன்கிட்ட மறைச்சேன். மேல நீ நிறுத்தச் சொன்னப்பவும் இதுக்குத்தான் நிறுத்தல. குழந்தையைச் சாக்கு சொன்னேன். சின்ன பேட்டரியும் மாத்தல." கன்னத்தைக் காட்டினேன். "என்னை அறைடா. ரெண்டு அறை விடு. விடுடா."

அவன் தன் கையைத் திருப்பிப் பார்த்தான். விரல் முழுக்கக் கறுப்பு மசி.

"கை அழுக்கா இருக்கு" என்றான்.

பிறகு அந்த அழுக்குக் கையோடு நேராக டாரிமாவிடம் போனான். காலையில் ஈரத்துணியால் துடைத்தானே, குழந்தையின் அதே நெற்றியில், ஆள்காட்டி விரலால் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தான். கறுப்பாக, தடிமனாக விழுந்தது. அவன் குழந்தையின் காதோரம் வாயைக் கொண்டுபோய், பெயர் வைக்கிற முறைப்படி மூன்று தடவை சொன்னான். காற்று என் பக்கம் வீசியதால் எனக்கும் கேட்டது.

"நெர்குய். நெர்குய். நெர்குய்."

பெயரில்லை என்று அர்த்தம். அவன் அப்பாவின் தலைமுறையில் பயந்துபோனவர்கள் வைத்த பெயர்.

நான் ஒரு முட்டாள். எங்கே எதைக் கேட்பது என்று தெரியாதவன். "எர்தெனெச்சிமெக்னு சொல்லிட்டிருந்தியேடா?" என்று கேட்டேவிட்டேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. பள்ளத்தாக்கின் பக்கம் திரும்பி, அங்கே நிற்கிற யாருக்கோ கேட்க வேண்டும் என்பது போல உரக்கச் சொன்னான்.

"யாரது? அப்படி யாரும் இந்த வண்டியில இல்லண்ணா."

மீட்டர் வைத்திருந்தவன், அப்பாவைப் பயந்தாங்கொள்ளி என்றவன், அந்தப் பள்ளத்தைப் பார்த்தபடி நின்றான். டாரிமா ஒரு கையை நீட்டி அவன் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே லாரியை நிறுத்திவிட்டு அதன் டிரைவர் சரளையில் சறுக்கிக்கொண்டே ஓடி வந்தார். காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தேய்ந்த கதவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"யாருக்காவது அடிபட்டுச்சா? ஐயோ, கைல என்னம்மா, குழந்தையா?"

எனேபிஷ் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன்.

"குழந்தை இல்லண்ணே" என்றேன், மலைக்கெல்லாம் கேட்கிற மாதிரி. "முயல்."

லாரிக்காரர் குனிந்து போர்வைக்குள் பார்த்தார். நெற்றியில் இருந்த கறுப்பைப் பார்த்தார். அவரும் எங்கள் ஆள்தானே, ஒரு கேள்வி கேட்கவில்லை. எனேபிஷ் பார்த்துக்கொண்டிருந்த அதே பள்ளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவருடைய லாரித் தொண்டை முழுவதையும் திறந்து சொன்னார்.

"அட, ஆமா! த்தூ, எவ்வளவு அசிங்கமான முயல்!"

குழந்தை அதற்கும் ஒரு விக்கல் விக்கியது. நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்து, கெட்டுப்போன வண்டியில் சாய்ந்துகொண்டு, வாய்விட்டு அழுதேன்.